ஆடிக் கூழும் என் ஆபரேஷனும்

என்னை யாரும் பட்டினி போட்டதில்லை. மாமியார் கொடுமை, புருஷன் கொடுமை என்று கம்பெனியில் பெண்கள் பேசும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். என் வீட்டில் இருப்பவர்கள் ஊட்டிவிடாத குறையாகச் சோறு போடுகிறவர்கள். சர்க்கரை நோய்க்காரிக்கு இதைவிட என்ன ஆபத்து வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காலர் கோணியிருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா என்று கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரையை விழுங்கிவிட்டு மற்ற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத வீடு எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் அது ஒரு நோய் மாதிரியே தோன்றவில்லை.

போன வருஷக் கடைசியில் வேறு தொல்லை ஆரம்பித்தது. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. கறுப்புப் புடவை, கருநீலப் புடவை இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் கட்ட முடியாமல் போனது. ஒரு நாள் கம்பெனியில் சட்டையைக் கையில் பிடித்தபடியே மயங்கி விழுந்தேன். ஸ்கேன் பார்த்தால் கர்ப்பப்பையில் கட்டி. டாக்டர் அம்மா நிதானமாகச் சொன்னார். "எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும். பயப்படற மாதிரி கட்டி இல்ல. ஆனா இந்தச் சர்க்கரையோட கத்தி வைக்க முடியாதும்மா. புண்ணு ஆறாது. ரத்தத்துல மூணு மாச சர்க்கரை சராசரி எட்டுக்குக் கீழ வரட்டும், அன்னைக்கே தேதி தர்றேன்."

எனக்கு வேண்டியது அந்தத் தேதி ஒன்றுதான். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலையைக்கூட விடுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது பின்னால் திரும்பிப் பார்க்காமல் எழ வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. சர்க்கரையைக் குறைத்தால் கிடைக்கும் என்றார்கள். சரி, குறைத்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பினேன். குறைப்பது என் கையில் இருக்கிறது என்று அப்போது நினைத்திருந்தேன்.

முதலில் கம்பெனி டீ. பதினோரு மணிக்கு ஒரு பெரிய எவர்சில்வர் கேனில் வரும். பால், டிகாஷன், சர்க்கரை எல்லாம் ஒன்றாய்க் கலந்துதான் வரும். எனக்கு மட்டும் சர்க்கரை போடாமல் ஒரு டம்ளர் தனியாகக் கொண்டுவர முடியுமா என்று கேன் கொண்டுவருகிற ஆளிடம் கேட்டேன்.

"யக்கா, மொத்த ப்ளோருக்கும் ஒரே கேனு. உனக்கு தனியா போட்டா நாளிக்கி ஒருத்தி இஞ்சி கேப்பா, இன்னொருத்தி ஏலக்கா கேப்பா. நான் டீக்கட வச்சிகினா கீறேன்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டீயை விட்டேன். அதற்குப் பதில் வீட்டிலிருந்து சுண்டல் எடுத்துப் போனேன். எங்கள் கம்பெனியில் திறந்த டப்பா பொதுச் சொத்து. நான் ஒரு கை அள்ளுவதற்குள் சுண்டல் காலியாகிவிடும். அதற்கு ஈடாக எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், யாரோ ஒருத்தியின் வீட்டு விசேஷத்து மைசூர்பாகு என்று என் டப்பா நிரம்பிவிடும். வேண்டாம் என்று மூடியை வைத்து மூடினால் கொடுத்தவள் முகம் சுருங்கிவிடுகிறது. "சக்கர வந்தா கூடவே திமிரும் வருமாக்கா?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். அவள்தான் நான் மயங்கி விழுந்த அன்றைக்கு என்னை மடியில் போட்டுத் தண்ணீர் தெளித்தவள். அவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அடுத்தது நடை. தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஏரிக்கரைப் பக்கம் போகலாம் என்றால் நாய்கள். பெரிய ரோட்டில் நடைபாதை என்பது பைக் நிறுத்தவும் பாத்திரம் விற்கவும் போட்டது. அதனால் எங்கள் தெருவிலேயே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தேன். முதல் நாளே எதிர்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மே போற?"

"சும்மா, நடக்கறேன்."

"சும்மாவா? ஊட்ல எதுனா சண்டையா?"

கல்யாணமான பெண் காரணமில்லாமல் தெருவில் நடந்தால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். மூன்றாம் நாள் செய்தி என் மாமியார் காதுக்குப் போய்விட்டது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கையில் ஒரு கட்டைப்பையை எடுத்துக்கொண்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், கடைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். கேட்கவில்லைதான். ஆனால் "யக்கா, கடைக்கா? அப்டியே ஒரு தேங்கா வாங்கியாந்துடேன்" என்று ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் நான் பாதித் தெருவுக்கு வெங்காயமும் பால் பாக்கெட்டும் சுமந்துகொண்டிருந்தேன். கை வலித்ததே தவிர, டாக்டர் சொன்ன மாதிரி வேகமாக ஒரு நாள்கூட நடக்கவில்லை.

வீட்டுக்குள் வந்தால் என் கணவர். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய குடோனில் சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். நல்ல மனிதர், குடிக்கமாட்டார், என்னை அடித்ததில்லை, சம்பளத்தைக் கொண்டுவந்து என் கையில்தான் கொடுப்பார். அவரிடம் ஒரே ஒரு வியாதி. வேலை முடிந்து வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். பஜ்ஜி, பக்கோடா, இல்லாவிட்டால் சூடாக ஒரு பரோட்டாப் பொட்டலம். "ஒரு நாள் துன்னா ஒண்ணியும் ஆவாது" என்பார். அந்த ஒரு நாள் தினமும் வந்துகொண்டிருந்தது.

மகள் வேலப்பன்சாவடியில் காலேஜ் படிக்கிறாள். தன் பங்குக்கு அவள் செல்போனில் பார்த்துப் பார்த்து எனக்கு வைத்தியம் செய்தாள். வெந்தயத்தை ஊறவை, நாவல்கொட்டையைப் பொடி செய், பாகற்காயை அரைத்துக் குடி. அவள் பேச்சைக் கேட்டு ஒரு வாரம் பாகற்காய்ச் சாறு குடித்து, வாந்தி எடுத்து, அந்த வாயின் கசப்புப் போக நான் வாழைப்பழம் தின்றதுதான் மிச்சம்.

கடைசியாக அத்தை, என் மாமியார். அவருக்கும் சர்க்கரை உண்டு. என்னைவிட நீண்ட நாளாக உண்டு. மாத்திரை விஷயத்தில் அவரைப் போல ஒழுங்கான ஆளைப் பார்க்க முடியாது. காலையில் பல் விளக்கியதும் முதல் வேலை மாத்திரைதான். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது அவர் கட்சி. "மாத்தர எதுக்குக் கீது? அது உள்ள போயி சக்கரய பாத்துக்கும். நீ ஏன் வாயக் கட்டற?" என்பார். இளவயதில் வெள்ளானூர்ப் பக்கம் கழனி வேலைக்குப் போனவர். அப்போது அவர் பட்ட பசியைப் பற்றி ஒருபோதும் பேசமாட்டார். ஆனால் வீட்டில் யார் தட்டிலும் அடி தெரிவது மாதிரி கொஞ்சமாகச் சோறு இருந்தால் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் ஒரு கரண்டி போட்டுக்கொண்டால், பின்னாலிருந்து இன்னொரு கரண்டி விழும். தட்டை மறைத்தால் என் கை மேலேயே போடுவார்.

இத்தனைக்கும் நடுவில் சர்க்கரை இறங்கியது என்றால், அதற்குக் காரணம் நான் செய்த ஒரே ஒரு காரியம். எல்லாருக்கும் முன்னால் சாப்பிட ஆரம்பித்தேன். கேட்பதற்கு ஒன்றுமில்லாத விஷயமாகத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கடைசியில்தான் சாப்பிடுவேன். எல்லாரும் எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டிய சோறு, கிண்ணத்தில் தங்கிய குழம்பு, மகள் ஒதுக்கிய உருளைக்கிழங்கு, இதையெல்லாம் கொட்ட மனசு வராமல் வழித்துத் தின்பேன். பசிக்குச் சாப்பிட்டதைவிடப் பாத்திரம் காலியாக வேண்டும் என்று சாப்பிட்டதுதான் அதிகம். காய் எல்லாம் அதற்குள் தீர்ந்திருக்கும். என் பங்குக்குச் சோறுதான் மிஞ்சும்.

ஏழு மணிக்கு, கணவர் வருவதற்கு முன்பே, நிறைய கீரையும் கொஞ்சம் சோறுமாகத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அன்று வீடு அமைதியாகிவிட்டது. அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆம்பள இன்னும் ஊடு வந்து சேரல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் கீரையை மென்றுகொண்டே இருந்தேன். மகள் வந்து என் பக்கத்தில் அவளுடைய தட்டோடு உட்கார்ந்தாள். அவளுடைய பாகற்காய் வைத்தியத்தை எல்லாம் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, எல்லாரும் தின்றது போக மிச்சம் எவ்வளவு இருந்தாலும் நாய்க்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் சில நாள் அத்தை பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் சோற்றை வெளியே கொட்டினேன்.

தை மாதம் ஆரம்பித்த போராட்டம் ஆடியில்தான் பலித்தது. ரத்தம் கொடுத்துவிட்டுப் போய்க் காத்திருந்தேன். டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, எட்டுக்கு உள்ள வந்துட்டீங்க" என்றார். அந்த ஆடி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று தேதி கொடுத்தார். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணிடம் "எனக்கு ஆபரேஷன்" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் பாவம், பயந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டில் சொன்னதும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

"உனக்கு தேதி கெடச்சா ஆடில கூழ் ஊத்தறேன்னு வேண்டிக்கினு இருந்தேன். கெடச்சிச்சா இல்லியா?"

"எப்ப வேண்டிக்கினீங்க அத்தே?"

"அதெல்லாம் எதுக்குக் கேக்கற? ஞாயித்துக்கெழம ஊத்திடணும்."

ஞாயிறு என்றால் ஆபரேஷனுக்கு முதல் நாள். ஆபரேஷன் முடிந்து, உடம்பு தேறி, அடுத்த ஆடியில் ஊற்றலாம் என்றேன். "வேண்டுதல பாக்கி வச்சிகினு கத்திக்குப் போவக் கூடாது" என்று ஒரே போடாய்ப் போட்டார். வேண்டுதல் என் பெயரில் என்பதால் விரதமும் நான்தான் இருக்க வேண்டும். கூழ் ஊற்றி முடிக்கும்வரை வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது.

"மாத்திரை போடணுமே அத்தே?"

"மாத்தரயத் தண்ணியிலதான போடுவ?"

நீங்கள் கேட்கலாம், முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று. எங்கள் வீட்டில் ஒருத்தியின் பெயரில் செய்த வேண்டுதலை அவளே தடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் டேபிளில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், செத்த பிறகும் தப்பு என் மேல்தான் இருக்கும். கணவரைப் பார்த்தேன். "ஒரு நாள்தான்மே" என்றார். மகள் மட்டும், "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்மா" என்றாள். அவளுக்குச் சின்ன வயசு, இதெல்லாம் புரியாது என்று அவளை அடக்கியது நான்தான்.

சனிக்கிழமையே மாவு கரைத்து, பெரிய அண்டாவில் நொய் வேகவைத்து, கேழ்வரகு மாவை ஊற்றிக் கிண்டினோம். ஞாயிறு காலை தயிரும் வெங்காயமும் போட்டுக் கரைத்துத் தெருமுனை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். சொம்பு, தூக்கு, பெயின்ட் வாளி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜனம் வரிசையில் நின்றது. வெறும் வயிற்றோடு, மாத்திரை இல்லாமல், நான் குனிந்து குனிந்து மொண்டு ஊற்றினேன். வெயில் உச்சிக்கு வந்தது. அண்டாவின் அடி தெரிந்தபோது எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

அப்போது ஒரு பெரிய சொம்பில் கூழை நீட்டினார்கள். கூடவே கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும். "குடி, குடி, கேவுருதானே, சக்கரக்கி மருந்து" என்று சுற்றி நின்ற எல்லாரும் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் இது எல்லாரும் நம்புகிற விஷயம். கேழ்வரகு நல்லதுதான். ஆனால் அந்தக் கூழில் பாதி அரிசி நொய் என்பதும், நல்லது என்பதற்காக சொம்பு சொம்பாகக் குடிக்கக் கூடாது என்பதும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அத்தனை மாதத்தில் எந்தச் சாப்பாடும் அந்தக் கூழ் மாதிரி என் தொண்டையில் குளிர்ச்சியாக இறங்கியதில்லை. ஒரு சொம்பு முடிந்ததும் நானே இன்னொன்று கேட்டேன்.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்தார்கள். நாளைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவளைப் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? ஆப்பிள், திராட்சை, ஹார்லிக்ஸ், ரொட்டி. கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. கணவர் பிரியாணி வாங்கி வந்தார். "அப்பால ஒரு வாரம் வெறும் கஞ்சிதான். இன்னிக்கி நல்லா துன்னுக்கோ. ஒடம்புல தெம்பு வேணாம்?" என்றார். ஒவ்வொருவரும் ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று ஊட்டினார்கள். நாளைக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்ற தைரியத்தில் நானும் வாயைத் திறந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் இன்னொரு விரலிலும் குத்தினார். பிறகு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரைக் கூப்பிட்டார். இளவயசுக்காரர்.

"நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?"

"கூழ்."

"கூழ் நல்லதுதானே" என்று அவரே சொன்னார். பிறகு சந்தேகம் வந்து, "எவ்வளவு குடிச்சீங்க? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். நான் விரதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த அளவுச் சர்க்கரையில் மயக்க மருந்து கொடுக்க முடியாது, ரத்தமும் குறைவாக இருக்கிறது, இரண்டையும் சரி செய்யாமல் தொடக்கூடாது என்றார். படுக்கையில் சேர்த்து ஊசி போட்டு இறக்கலாமே என்று கெஞ்சினேன். படுக்கை காலி இல்லை. டாக்டர் அம்மா வந்து என் தோளைத் தொட்டு, "இவ்வளவு தூரம் கொண்டுவந்துட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புதுத் தேதியைப் பார்த்துச் சொன்ன நர்ஸ், "தீபாவளி முடிஞ்சதும் வாங்க" என்றார்.

வண்டியில் திரும்பி வரும்போது கணவர் ரோட்டோரம் நிறுத்தினார். "காலையிலேருந்து வெறும் வயித்தோட கீற. மயக்கமா வருதா? ஒரு கரும்பு ஜூஸ் அடிக்கிறியா?"

"யோவ், தெரிஞ்சுதான் கேக்கறியா?" என்று கத்தினேன். ஜூஸ் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். கணவருக்கு நிஜமாகவே புரியவில்லை. வண்டியைக் கிளப்பினார். பிறகு சமாதானம் செய்கிற குரலில், "தீபாவளி முடிஞ்சுதான சொன்னாங்க, நல்லதாப் போச்சு. பண்டிக நாள்ல ஆஸ்பத்திரில கெடக்கத் தேவயில்ல" என்றார். அவர் முதுகில் ஓங்கிக் குத்த வேண்டும் போல இருந்தது. வண்டி ஓட்டுகிறாரே என்று விட்டேன்.

வீட்டு வாசலில் அத்தை காத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகத்தில் கவலையைவிட நிம்மதிதான் தெரிந்தது. "அம்மன் தடுத்துட்டா. இன்னிக்கி நாள் சரியில்ல போல. நேரா நேரத்துக்கு வேண்டுதல முடிச்சோம், அதான் காப்பாத்திட்டா" என்றார்.

என் பொறுமை அங்கேதான் முடிந்தது. "அம்மன் தடுக்கல அத்தே. நீங்க ஊத்துன கூழ் தடுத்துச்சி. நீங்க போட்ட சோறு தடுத்துச்சி. ஆறு மாசமா பல்லக் கடிச்சிகினு எறக்குனதை ஒரே நாள்ல எல்லாருமா சேந்து ஏத்தி வுட்டுட்டீங்க. இனிமே எனக்கு சோறு போடாதீங்க. ஒரு வாய்கூடப் போடாதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்." தெருவே கேட்கும்படிதான் கத்தினேன். எதிர்வீட்டுக் கேட் திறக்கும் சத்தம்கூடக் கேட்டது.

அத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "சோறு போடாம எனக்கு வேற இன்னா தெரியும்?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார், பதில் கிடைக்கும் என்று நினைத்தவர் மாதிரி. பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆபரேஷனுக்காக வாங்கிய லீவில் நான் வீட்டில் இருந்தேன். கணவர் குடோனுக்கும் மகள் காலேஜுக்கும் போய்விட்டார்கள். அத்தை சமைத்தார், அவர்களுக்குக் கட்டிக்கொடுத்தார், எனக்கு எதுவும் போடவில்லை. நான் கேட்டபடியே நடந்தார். அவரும் சாப்பிடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கோபத்தில் அவர் முகத்தையே பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பகல் ஏறியபோது சமையலறையில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நெற்றி, கழுத்து எல்லாம் வேர்வை. கூப்பிட்டால் என்னைப் பார்க்கிறார், பதில் சொல்லத் தெரியவில்லை.

காலையில் பல் விளக்கியதும் மாத்திரையைப் போட்டிருக்கிறார். அதை மட்டும் அவர் எந்தக் கோபத்திலும் விடமாட்டாரே. மேலே ஒரு வாய் சோறு இல்லை. சர்க்கரை தரைமட்டமாக இறங்கிவிட்டது. அலமாரியிலிருந்து டப்பாவை இழுத்து, சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் கண்ணில் தெளிவு வந்தது. "சோறு துன்னுங்க அத்தே, இப்பவே துன்னணும், இல்லாட்டி மறுபடியும் எறங்கிடும்" என்று சாம்பாரை ஊற்றிப் பிசைந்து தட்டை நீட்டினேன்.

"நீ துன்னியா?"

"என்னை வுடுங்க. நீங்க மொதல்ல துன்னுங்க."

வாயை இறுக்கிக்கொண்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன், டாக்டரைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினேன். அசையவில்லை. பிறகு அவரே தட்டில் கைவிட்டு, ஒரு பெரிய கவளமாக உருட்டி, இன்னும் நடுக்கம் நிற்காத கையால் என் வாய்க்கு நேரே நீட்டினார். "நீ ஒரு வாய் வாங்கிக்கினாத்தான் நான் துன்னுவேன்" என்றார். உருண்டையிலிருந்து சாம்பார் அவர் மணிக்கட்டு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்தக் கையைத் தட்டிவிட்டால் இந்த மனுஷி என் கண் முன்னாலேயே மறுபடியும் மயங்கிவிடுவார். வாயைத் திறந்தேன். அவர் ஒரு வாய் தின்றார், எனக்கு ஒரு வாய் கொடுத்தார், தட்டு காலியாகும்வரை விடவில்லை. கடைசி வாயை மென்றுகொண்டே கை கழுவ எழுந்தேன். பின்பக்கம் புடவை உதிரத்தில் நனைந்திருந்தது. தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.